உரிமை எங்கிருந்து வந்தது?

மனிதனுக்குப் பிறவியிலேயே உரிமை உண்டு என்பதை இன்று எவரும் வாயளவில் மறுப்பதில்லை. எந்த மதத்துக் குருவானாலும் மேடையேறினால் அதையேதான் பேசுகின்றார். அதோடு நில்லாமல், "இது எங்கள் மதத்தில் ஆதியிலிருந்தே இருக்கின்றது" என்றும் சேர்த்துச் சொல்லிக் கொள்ளுகின்றார். எல்லா மதக்காரரும் இப்படியே சொல்லுவதால், இந்த உரிமை யார் கேட்டு வந்தது, யார் தடுத்தும் வந்தது என்பதை விசாரித்துப் பார்க்க வேண்டியிருக்கின்றது. பிரஞ்சு தேசத்தில் நடந்த ஒரு கொலை வழக்கே இதற்குப் போதுமான சாட்சியாகும்.

துலூஸ் நகரத்தில் ஜான் காலாஸ் என்கின்ற துணி வியாபாரி இருந்தார். அவர் புராட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர். அரசனுடைய மதமோ கத்தோலிக்கம். 1685-ல் 14-வது லூயி மன்னன் புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த பாதுகாப்பை ரத்துச் செய்த பிறகு, கத்தோலிக்கப் பாதிரி நடத்தாத கல்யாணம் சட்டத்தில் கல்யாணமல்ல. அதில் பிறந்த பிள்ளை முறையான பிள்ளையுமல்ல. காலாஸின் மூத்த மகன் சட்டம் படித்தும், கத்தோலிக்கன் என்கின்ற அத்தாட்சி இல்லாததால் வக்கீலாக முடியவில்லை. 1761 அக்டோபர் 13-ந் தேதி இரவு அவன் தன் வீட்டிலேயே பிணமாகக் காணப்பட்டான்.

வீட்டார் முதலில் யாரோ கொன்றுவிட்டதாகச் சொல்லி, பிறகு அவனே தூக்குப் போட்டுக் கொண்டதாகச் சொன்னார்கள். தற்கொலை செய்தவன் பிணத்தைத் தெருவிலே இழுத்து அவமானப்படுத்துவது அந்தக் காலத்துத் தண்டனையானதால், முதலில் அதை மறைத்ததாகக் காரணமும் சொன்னார்கள். ஊராரோ, "மகன் கத்தோலிக்கனாக இருந்தான், அதனால் தகப்பனே கொன்று விட்டான்" என்று கட்டிவிட்டார்கள். செத்தவனுக்கு மதத் தியாகி என்று ஆடம்பரமாகச் சவ அடக்கம் நடந்தது. விசாரணை முடியும் முன்பே தீர்ப்பு தெருவில் முடிந்துவிட்டது. 1762 மார்ச் 10-ந் தேதி, அறுபது வயது கடந்த அந்தக் கிழவரைச் சித்திரவதை செய்து, சக்கரத்தில் கட்டி, எலும்புகளை முறித்துக் கொன்றார்கள். கடைசி மூச்சு வரையில் அவர் தாம் குற்றவாளியல்ல என்றே சொன்னார்.

இந்தக் காரியத்தைச் செய்தவர்கள் காட்டுமிராண்டிகள் அல்ல. படித்த நீதிபதிகள். பூஜையும் ஜெபமும் தவறாதவர்கள். அன்பையே போதிப்பதாகச் சொல்லும் மதத்தைச் சேர்ந்தவர்கள். அந்த மதம் அவர்கள் கையைப் பிடித்து நிறுத்தவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது.

நிறுத்த வந்தவர் யார்? மதக்காரர்களால் நாஸ்திகர் என்று தூற்றப்பட்ட வால்டேர் என்கின்ற அறிஞர். அவருக்குக் காலாஸ் சொந்தக்காரருமல்ல, சிநேகிதருமல்ல. அவர் கேட்டதெல்லாம், "சாட்சியம் எங்கே?" என்கின்ற ஒரே கேள்விதான். திடகாத்திரமான வாலிபனை ஒரு கிழவன் எப்படித் தூக்கில் மாட்டியிருக்க முடியும் என்று கேட்டார். கடிதங்கள் எழுதினார், 1763-ல் மத சகிப்பைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். 1764-ல் அரசனுடைய சபை அந்தத் தீர்ப்பைத் தள்ளிற்று. 1765 மார்ச் 9-ந் தேதி காலாஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. செத்தவர் திரும்பி வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் நீதிமன்றத்தின் தீர்ப்பையும் பகுத்தறிவைக் கொண்டு பரிசீலிக்கலாம் என்பதை ஐரோப்பா முழுவதும் அன்று கண்டு கொண்டது.

காலாஸ் கொல்லப்பட்ட அதே 1762-ல்தான் ரூசோவின் "சமுதாய ஒப்பந்தம்" வெளிவந்தது. அதிகாரம் கடவுள் அரசனுக்குக் கொடுத்ததல்ல, மக்களுடையது என்பதே அதன் சாரம். ஜெனீவாவில் அப்புத்தகத்தைக் கொளுத்தினார்கள். 1764-ல் இத்தாலி தேசத்துப் பெக்காரியா என்பவர், சித்திரவதையினால் உண்மை வெளிவராது, வலி பொறுக்காதவன் செய்யாததையும் செய்ததாகச் சொல்லுவான் என்று எடுத்துக் காட்டினார்.

"புத்தகம் எழுதினதாலா அரசாங்கம் மாறிற்று? பசியினாலும் கடனினாலும் அல்லவா மாறிற்று?" என்று சிலர் கேட்கக் கூடும். பசி இருந்தது, வாஸ்தவம். 1788-ல் விளைச்சல் கெட்டது. அரசனுடைய பொக்கிஷமும் காலி. ஆனால் அதற்கு முன்னும் எத்தனையோ பஞ்சங்கள் வந்தன. அப்போதெல்லாம் ஜனங்கள் ரொட்டிக்காகக் கலகம் செய்து, அடிபட்டு, வீடு திரும்பினார்கள். பசி ஒருவனைத் தெருவுக்குக் கொண்டு வரும். தெருவுக்கு வந்தவன் எதைக் கேட்பது என்பதை அறிவுதான் சொல்ல வேண்டும். 1789-ல் அவர்கள் ரொட்டியை மாத்திரம் கேட்கவில்லை. பாதிரியும் பிரபுவும் பெரும்பாலான வரிகளிலிருந்து தப்பித்துக் கொள்ள, உழுகின்றவன் மாத்திரம் வரியும், மடத்துக்குத் தசம பாகமும், கூலியில்லாத வேலையும் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் வந்தது. ஆகஸ்டு 4-ந் தேதி இரவு பிரபுக்களின் விசேஷ உரிமைகள் ஒழிக்கப்படுவதாகத் தீர்மானமாயிற்று. ஆகஸ்டு 26-ந் தேதி 17 விதிகள் கொண்ட மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறிற்று. மனிதர் சம உரிமையோடு பிறக்கின்றனர் என்றும், உத்தியோகத்துக்குத் தகுதியே அளவு, பிறப்பல்ல என்றும், மத அபிப்பிராயத்துக்காக ஒருவனைத் துன்புறுத்தக் கூடாதென்றும், குற்றம் ருஜுவாகும் வரையில் ஒருவன் நிரபராதியே என்றும் அதிலே கண்டது. 1791-ல் வந்த குற்றச் சட்டத்தில் மத நிந்தனை, சூனியம், தற்கொலை ஆகியவை குற்றங்களாகவே இடம் பெறவில்லை. சக்கரத் தண்டனையும் ஒழிந்தது. 1792-ல் பிறப்பு, கல்யாணம், இறப்பு ஆகியவற்றின் பதிவேட்டைப் பாதிரியிடமிருந்து வாங்கி நகரசபையிடம் கொடுத்தார்கள். புரோகிதனில்லாத கல்யாணம் அங்கே சட்டத்தில் ஏறி 175 வருஷம் கழித்து, 1967-ல்தான் நமது சுயமரியாதைக் கல்யாணத்துக்குச் சென்னைச் சட்டசபையில் சட்டம் வந்தது.

நிற்க, இந்த அறிஞர்களை நாம் தெய்வமாக்கத் தேவையில்லை. வால்டேர், கூலிக்கார ஜனங்கள் படிப்பதை விரும்பியவரல்ல. ரூசோ, பெண்ணின் படிப்பு ஆணுக்குப் பயன்படத்தான் என்று எழுதியவர். பிரகடனம் செய்தவர்களும் "மனிதன்" என்று எழுதிவிட்டு, வரி கட்டும் ஆண் பிள்ளையையே மனதில் வைத்துக் கொண்டார்கள். 1791-ல் ஒலிம்ப் தெ கூஜ் என்கின்ற அம்மையார், அதே 17 விதிகளைப் பெண்ணுக்கும் எழுதிக் காட்டினார். 1793-ல் அவருடைய தலை வெட்டப்பட்டது. பிரஞ்சுப் பெண்களுக்கு ஓட்டு வந்தது 1944-ல்.

பிரஞ்சுக்காரரின் சான் டொமிங்கோ தீவில் சுமார் 5 லட்சம் கறுப்பு மக்கள் கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் அடிமைகளாய் உழைத்தார்கள். அவர்கள் 1791-ல் எழுந்தார்கள். 1794-ல் பாரிஸ் சபை அடிமை முறையை ஒழித்தது. 1802-ல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டு வந்தான். ஆனால் அந்தத் தீவார் சும்மா இருக்கவில்லை; அவன் அனுப்பிய சேனையை முறியடித்து, 1804 ஜனவரி 1-ந் தேதி ஹெய்ட்டி என்கின்ற சுதந்திர நாட்டை ஏற்படுத்தினார்கள்.

தோழர்களே! இதிலிருந்து நாம் தெரிந்து கொள்ள வேண்டியது ஒன்றே. படிக்கல் ஒன்றை ஊருக்குப் பொதுவாகச் செய்து வைத்தவன், தன் சரக்கை மாத்திரம் அதிலே நிறுக்காமல் தப்பிக்க முடியாது. அறிஞர்கள் செய்து வைத்த படிக்கல் அவர்களைவிடப் பெரியதாய் இருந்தது. பெண்ணும் அடிமையும் அதையே எடுத்து, அவர்களையே நிறுத்துப் பார்த்தார்கள். குறைந்ததைக் கேட்டு வாங்கினார்கள். வேதத்தை அப்படி நிறுக்க எவனும் விடமாட்டான். பகுத்தறிவுக்குள்ள பெருமையெல்லாம், தன்னைச் சொன்னவனையே கேள்வி கேட்க அது இடம் கொடுக்கின்றது என்பதுதான்.

ஆகவே, உரிமை என்று ஒருவர் மேடையில் பேசும்போது கை தட்டுவதற்கு முன், "இதில் யாரை விட்டுவிட்டீர்கள்?" என்று கேளுங்கள். விடுபட்டவர் பேர் உங்கள் வீட்டு அடுக்களையிலிருந்தே வந்தாலும் வெட்கப்படாமல் கணக்கில் சேர்த்துக் கொள்ளுங்கள். காலாஸின் தலைமுறைக்கு அந்த ஒரு கேள்வி இருந்திருந்தால், ஒரு கிழவரின் எலும்பு முறிந்திருக்காது.