தேசிய கீதத்தின் சுருதியைக் கொஞ்சம் இறக்குவோம்

பெப்ரவரி 4 வருகிறது. அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒத்திகைகள் தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு விஷயம்.

தரம் 9, 10 ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும் வயது. ரெக்கோர்டிங்கைப் போட்டுப் பாடச் சொன்னால், மேல் வரிகளில் வாயை மூடிக்கொள்கிறார்கள். நாம் "மரியாதையில்லை" என்று ஏசுகிறோம். குரல் எட்டவில்லை, அவ்வளவுதான்.

சுருதியை இறக்கினால் சட்டப் பிரச்சினை வரும் என்று சிலருக்குப் பயம். சொற்களும் இசையும் மூன்றாம் அட்டவணையில் உள்ளபடி இருக்க வேண்டும் என்பதே அரசியலமைப்பின் 7ஆம் உறுப்புரை. கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தடவை கீழே அழுத்தினாலும் ஆனந்த சமரக்கோனின் மெட்டு அதே மெட்டுத்தான். ஸ்வரங்களுக்கு இடையிலான தூரம் மாறாது. 2023இல் எல்பிஎல் தொடக்க விழாவில் கிளம்பிய சர்ச்சை வேறு. அங்கே பாடிய பாணியும் உச்சரிப்பும்தான் பிரச்சினை.

வேகத்தையும் பாருங்கள். அவசரப்பட்டால் புலவர் மு. நல்லதம்பியின் தமிழ்ச் சொற்கள் பாதி விழுங்கப்படுகின்றன.

சங்கீத ஆசிரியர் இல்லாத பாடசாலைகளில் ரெக்கோர்டிங்கை நிறுத்திவிட்டு, தரம் 10 பிள்ளை ஒருவரைத் தன் சுருதியில் தொடங்க விடுங்கள். மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.