முதலில் தண்ணீர், பிறகு அறிவுரை
போனக்காடு லய மக்களின் கல்லீரல் நலக் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: கேரள அரசின் சுகாதாரத் துறை, தொழில் துறை, திருவனந்தபுரம் மாவட்ட நிர்வாகம், விதுரா ஊராட்சி.

அகத்தியர்கூடம் ஏற வருகிறவர்கள் போனக்காட்டிலிருந்துதான் நடக்கத் தொடங்குகிறார்கள். பாழடைந்த தேயிலைத் தொழிற்சாலையைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இன்னும் அடுப்பெரிவது அந்தப் படத்தில் விழுவதில்லை.

கல்லீரலைப் பேணுங்கள் என்கிறீர்கள். ஏற்கிறோம். சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்த உறுப்பு, உள்ளே கெடுவதை எளிதில் வெளிக்காட்டாது. கால் வீங்கி வயிறு பெருக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆனால் கல்லீரல் அழற்சியின் (ஹெபடைட்டிஸ்) ஏ, ஈ வகைகள் பெரும்பாலும் மாசுபட்ட தண்ணீரிலேயே வருகின்றன. 2024-இல் எறணாகுளம் மாவட்டம் வேங்கூரில் குழாய்த் தண்ணீர் வழியே மஞ்சள் காமாலை பரவி, 200-க்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். மலை ஓடையிலிருந்து ஓஸில் வரும் தண்ணீருக்கு ஒரு கழிப்பறைக் குழியின் கசிவே போதும். அறிவுரை அந்தக் கசிவை அடைக்காது.

ஆகவே கோருகிறோம்:

1. ஒவ்வொரு லயத்துக்கும் குளோரின் கலந்த குடிநீர் வேண்டும். மாதந்தோறும் தண்ணீரைச் சோதித்து, முடிவைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒட்ட வேண்டும்.

2. நீரோட்டத்திலிருந்து தள்ளி, வீட்டுக்கொரு கழிப்பறை வேண்டும். குடிநீர், கழிப்பறை, மருத்துவம், வீடு ஆகிய நான்கையும் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே முதலாளியின் கடமையாக்கியது. முதலாளி கைவிட்ட இடத்தில் அரசு அதைச் செய்யட்டும்.

3. ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனையும் சிகிச்சையும் 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். அதற்கான முகாம் மலையேறி இங்கே வரட்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொழுப்புக் கல்லீரல் உண்டா என்றும் அதிலேயே பார்க்க வேண்டும்.

4. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைட்டிஸ் பி ஊசி எந்தக் குழந்தைக்கும் தவறக்கூடாது. ஊசி போடாத பெரியவர்களையும் கணக்கெடுக்க வேண்டும்.

5. நோயாளியை விதுரா அரசு மருத்துவமனைக்கு இறக்க, இரவிலும் வண்டி வேண்டும்.

6. குடியை விடத் துணிந்தவரைத் திட்டாமல் நடத்தும் சிகிச்சை வேண்டும். திடீரென நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் வரலாம்; வெறும் சத்தியம் வாங்கினால் போதாது.

7. தொழிலாளர்களுக்குச் சேர வேண்டிய கூலி, பணிக்கொடை பாக்கியை வாங்கித் தர வேண்டும். கையில் காசில்லாதவர் பஸ் ஏறி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார். அந்த நாட்களில்தான் நோய் முற்றுகிறது.

எங்கள் பங்கை நாங்கள் செய்வோம். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிப்போம். சூடு ஆறட்டும் என்று அதில் பச்சைத் தண்ணீர் கலக்கும் வழக்கத்தை விடுவோம். வலி மாத்திரையைக் கணக்கில்லாமல் விழுங்க மாட்டோம். கீழாநெல்லி எங்கள் பாட்டிமாரின் மருந்து. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் அதன் பலனைப் பற்றி லான்செட் இதழில் நம்பிக்கையோடு எழுதினார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. எனவே கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனைக்குத்தான் போவோம்.

இவற்றில் எதுவும் சலுகை அல்ல. அடுத்த மழைக்கு முன் முதல் கோரிக்கையை நிறைவேற்றுங்கள். மற்றவற்றுக்குத் தேதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
போனக்காடு லயங்களில் வாழும் மக்கள்