அப்புறம் என்ன ஆயிற்று?

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். "சர்க்கார் கணக்கைத் தணிக்கை செய்ததில் இன்ன இலாகாவில் இத்தனை கோடி வீண் என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். மறுநாள் அதைப் பற்றிப் பேச்சு மூச்சு இல்லை. அப்புறம் என்ன ஆயிற்று என்று யாருமே சொல்வதில்லையே, ஏன்?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. ஒரு தொடர்கதையில் கதாநாயகியைக் கிணற்றங்கரையில் நிறுத்திவிட்டு 'தொடரும்' என்று போடுகிறோம். அடுத்த வாரம் அந்தக் கதையைக் காணோம் என்றால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? ஆசிரியரின் மேஜை மீது கடிதங்கள் மலையாகக் குவிந்துவிடும். சர்க்கார் செலவு விஷயத்தில் மட்டும் 'தொடரும்' என்பதோடு நாம் திருப்தியடைந்து விடுகிறோம்.

"செலவைக் கவனிக்கத்தானே பார்லிமெண்டு இருக்கிறது?" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் 2023 மார்ச் 23-ந் தேதி என்ன நடந்தது தெரியுமா? ஏறக்குறைய 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுக்கு, அமளிக்கு நடுவே, விவாதம் எதுவும் இல்லாமலே லோக்சபை அனுமதி கொடுத்துவிட்டது. வீட்டில் ஒரு முழம் பூவுக்குக்கூட நாம் இரண்டு வார்த்தை பேரம் பேசுகிறோம்!

ஆகவே, சபையில் நடக்காத வேலையைக் கமிட்டிகள்தாம் செய்தாக வேண்டும். இவற்றில் மூத்தது பொதுக் கணக்குக் கமிட்டி. 1921-ல் பிறந்தது. அந்தக் காலத்தில் நிதி இலாகாவைக் கவனித்தவரே அதற்குத் தலைவர். பெட்டிச் சாவியை வைத்திருப்பவரே கணக்கும் கேட்டால் எப்படி இருக்கும்? சுதந்திரத்துக்குப் பிறகு அந்த வழக்கம் போயிற்று. இப்போது லோக்சபையிலிருந்து 15 பேர், ராஜ்யசபையிலிருந்து 7 பேர், ஆக 22 அங்கத்தினர்கள். மந்திரிகளுக்கு இடம் கிடையாது. 1967-லிருந்து எதிர்க்கட்சிக்காரர் ஒருவரே தலைவராக இருப்பது மரபு. முதலில் அப்படி வந்தவர் மினு மசானி.

சங்கரன்கோவில்காரர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதே இல்லை. சங்கன், பதுமன் என்ற இரு நாகர்கள் 'சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா' என்று சண்டையிட்டதும், கோமதியம்மன் தவமிருந்ததும், பகவான் ஒரு பாதி சங்கரனாகவும் மறு பாதி நாராயணனாகவும் காட்சி தந்ததும் அவர்கள் ஆடித் தபசில் ஆண்டுதோறும் காணும் கதை. கமிட்டியும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே உருவில் நின்று கணக்குக் கேட்க வேண்டும்.

சில சமயம் அந்த உருவம் இரண்டாகப் பிளந்தும் போகிறது. 2011-ல் 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் தலைவர் முரளி மனோகர் ஜோஷி தயாரித்த நகல் அறிக்கையை, கமிட்டியில் பெரும்பான்மையோர் ஏற்க மறுத்தார்கள். அவர் அதைச் சபாநாயகருக்கு அனுப்பினார். சபாநாயகர் திருப்பி அனுப்பிவிட்டார். யார் கட்சி சரி என்பது இங்கே கேள்வியல்ல. சங்கனும் பதுமனும் சண்டையிட்டால், கேட்க வேண்டிய கணக்கு கேட்கப்படாமல் நின்றுவிடுகிறது.

சரி, தணிக்கை அறிக்கை வந்த பிறகு என்ன நடக்கிறது? இலாகாக்கள் தங்கள் மீதான ஒவ்வொரு குறைக்கும் 4 மாதத்துக்குள் பதில் எழுத வேண்டும் என்று இந்தக் கமிட்டியே 1995-ல் சொன்னது. சிலவற்றைக் கமிட்டி தானே எடுத்து, அதிகாரிகளை அழைத்து விசாரித்து, சிபாரிசு செய்கிறது. அதற்கு சர்க்கார் 6 மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதில்களைக் கமிட்டி தரம் பிரித்து இன்னோர் அறிக்கை வெளியிடுகிறது. சர்க்கார் ஏற்றுக்கொண்டவை, பதிலைக் கேட்டுக் கமிட்டி விட்டுவிட்டவை, 'இந்தச் சமாதானம் செல்லாது' என்று கமிட்டி மறுபடி வற்புறுத்துபவை, 'பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்று இடைக்காலப் பதில் மட்டும் வந்தவை.

பார்த்தீர்களா? சகோதரி கேட்ட 'அப்புறம்' இல்லாமல் இல்லை. அச்சாகியே வருகிறது. ஆனால் முதல் அத்தியாயத்துக்குக் கிடைத்த கொட்டை எழுத்து அதற்குக் கிடைப்பதில்லை. கமிட்டி கூடுவதோ மூடிய கதவுக்குள். அறிக்கை வெளிவருவது ஆங்கிலத்திலும் இந்தியிலும். சபையில் அதை எடுத்து விவாதிப்பதோ அபூர்வம். போதாததற்கு, அங்கத்தினர்களின் பதவிக் காலம் ஒரே வருஷம். கேள்வி கேட்டவர் பதில் வரும்போது அங்கே இருப்பார் என்று நிச்சயமில்லை.

பிரிட்டனில் இதே பெயருள்ள கமிட்டி 1861-லிருந்து இருக்கிறது. அங்கே விசாரணை பகிரங்கமாக நடக்கிறது, டெலிவிஷனிலும் பார்க்கலாம். கமிட்டியின் அறிக்கைக்கு சர்க்கார் இரண்டு மாதத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

பகிரங்க விசாரணை நமக்குப் புதிதும் அல்ல. 1957-ல் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனின் பணம் ஏறக்குறைய 1¼ கோடி ரூபாய், முந்த்ரா என்ற ஒருவருடைய கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டது. அதைப் பார்லிமெண்டில் கிளப்பியவர் ஆளும் கட்சியைச் சேர்ந்த பிரோஸ் காந்தி. நீதிபதி சாக்ளா எல்லோரும் பார்க்க விசாரித்தார். 1958 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. அதே மாதம் நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி ராஜிநாமா செய்தார். பணம் போன அடுத்த வருஷமே ஜனங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. குடும்பத் தலைவிகள் சிறுகச் சிறுகக் கட்டிய பிரீமியம் அல்லவா அது?

எனக்குத் தோன்றும் யோசனைகள் மூன்றுதான். கமிட்டி அங்கத்தினர்களுக்கு ஒரு வருஷத்துக்குப் பதில் லோக்சபையின் ஆயுள் வரை இடம் கொடுக்கட்டும். தேச ரகசியம் தவிர்ந்த விசாரணைகளைக் கதவைத் திறந்து நடத்தட்டும். 'சமாதானம் செல்லாது' என்று கமிட்டி சொன்னவற்றுக்கென்று ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் ஒரு நாள் ஒதுக்கி, சம்பந்தப்பட்ட மந்திரி சபையில் எழுந்து பதில் சொல்லட்டும். இவற்றில் எதற்கும் பெரிய பணச் செலவு இல்லை. சட்டசபைக் கமிட்டிகளுக்கும் இதே யோசனை பொருந்தும்.

இதற்கு நாம் என்ன செய்வது என்கிறீர்களா? தென்காசித் தொகுதியானாலும் தென் சென்னையானாலும், அடுத்த முறை வேட்பாளர் கைகூப்பி வாசலில் நிற்கும்போது, "எந்தக் கமிட்டியில் இருந்தீர்கள்? எத்தனை கூட்டத்துக்குப் போனீர்கள்?" என்று கேளுங்கள். அறிக்கைகளோடு சேர்ந்த நடவடிக்கைக் குறிப்பில் வந்தவர்களின் பெயர் இருக்கும், சரிபார்த்துக்கொள்ளலாம். அவர் ஒழுங்காகப் போனவராக இருந்தால் ஒரு டம்ளர் மோர் கொடுத்து உட்கார வையுங்கள். அவர் குடித்து முடித்ததும், "அங்கே என்ன கேட்டீர்கள்? அப்புறம் என்ன ஆயிற்று?" என்று விசாரியுங்கள்.