அட்டவணையை மூடிவிட்டு வாயைத் திறங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பிரெஞ்சு படிக்கிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள், வீட்டில் யாராவது படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.

கனடாவுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பிரெஞ்சு தெரிந்தால் கூடுதல் புள்ளிகள் கிடைக்கின்றன. அதனால் நம் பிள்ளைகள் பலர், முப்பது வயதுக்கு மேல், வேலை முடிந்து வந்து இரவு ஒன்பது மணிக்கு ஆன்லைன் வகுப்பில் உட்காருகிறார்கள். என்னிடம் படித்த ஒருத்தி, இப்போது நர்ஸ், கட்டிய பணம் போனால் போகட்டும் என்று இரண்டே மாதத்தில் நின்றுவிட்டாள். "டீச்சர், வாரம் இருபது வினைச்சொல் அட்டவணை ஒப்பிக்கச் சொல்றாங்க. எனக்கு மொழியே வராது போல" என்றாள். வராதது மொழி இல்லையம்மா, அட்டவணை. இரண்டும் வேறு வேறு.

மனப்பாடத்துக்கு நான் எதிரி இல்லை. பதினாறாம் வாய்ப்பாடு வரை உங்களைச் சொல்ல வைத்தவள் நான். எதை மனப்பாடம் செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதுதான் கேள்வி.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரெஞ்சு வினைகளில் பத்துக்கு ஒன்பது ஒழுங்கானவை. ஒன்றைக் கற்றால் மற்றவை அதே வழியில் வரும். அடங்காதவை முந்நூற்றுச் சொச்சம். ஆனால் இரு, போ, வா, செய், சொல், பார், குடி என்று தினமும் வாயில் புழங்குவது எல்லாம் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றன. இது தற்செயல் இல்லை. அடிக்கடி பேசப்படும் சொல் பழைய உருவத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது. எப்போதாவது பேசப்படும் சொல்லின் பழைய வடிவம் மறந்துபோய்ப் பொது விதிக்குள் வந்துவிடுகிறது.

நம் தமிழையே பாருங்கள். சொல் – சொன்னேன். நில் – நின்றேன். கல் – கற்றேன். எல்லாம் 'ல்' என்றுதான் முடிகின்றன. "கன்னேன்" என்று ஏன் சொல்வதில்லை? வா என்கிறோம், வந்தேன் என்கிறோம், வருகிறேன் என்கிறோம். இதற்கு உங்களில் யாராவது பட்டியல் போட்டுப் படித்தீர்களா? பேசிப் பேசி வந்தது.

"குழந்தைக்குப் பல வருஷம் இருக்கிறது, எங்களுக்கு ஆறு மாதம்தானே டீச்சர்" என்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் தேர்ந்தெடுத்துப் படிக்கச் சொல்கிறேன்.

முதல் மாதம் நான்கே வினைகள்: எத்ர் (இரு), அவுவார் (உடைத்தாயிரு), அலே (போ), ஃபேர் (செய்). தமிழ் எழுத்தில் ஒலியை ஓரளவுதான் காட்ட முடியும், காதால் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். இந்த நான்குக்கும் 'அவர்கள்' வடிவம் சோன், ஓன், வோன், ஃபோன். ஒரு பாட்டு மாதிரி இருக்கிறதா? நிகழ்காலத்தில் இப்படி முடிபவை இந்த நான்கு மட்டுமே.

இவற்றை வைத்து எவ்வளவு பேசலாம் பாருங்கள். மான்ஜே என்றால் சாப்பிடுவது. 'ஜே மான்ஜே' – சாப்பிட்டேன். 'ஜெ வே மான்ஜே' – சாப்பிடப் போகிறேன். இறந்தகாலமும் எதிர்காலமும் கைக்கு வந்துவிட்டன. போ, வா போன்ற சில வினைகளுக்கு மட்டும் இறந்தகாலத்தில் அவுவாருக்குப் பதில் எத்ர் வரும். அடுத்த மாதம் 'முடியும்', 'வேண்டும்', 'செய்தாக வேண்டும்' என்ற மூன்று வினைகள். 'ஜெ பெ மான்ஜே' – என்னால் சாப்பிட முடியும். 'ஜெ துவா மான்ஜே' – நான் சாப்பிட்டாக வேண்டும். பின்னால் வரும் வினை அசையாமல் அப்படியே நிற்கிறது.

பிறகு வரும் வினைகளுக்கும் நிகழ்காலத்தின் ஆறு வடிவமும் வேண்டாம். நான், நாங்கள், அவர்கள் என்ற மூன்று போதும். குடி என்பதற்கு ஜெ புவா, நூ புவோன், ஈல் புவாவ். மற்ற மூன்றும் பெரும்பாலும் இவற்றிலிருந்தே வந்துவிடும். வா, எடு போன்ற பல வினைகளுக்கும் இதே வழி.

இன்னொரு ஆதங்கம். பிரெஞ்சை ஆங்கிலம் வழியாகவே சொல்லித் தருகிறார்கள். ஆங்கிலத்தில் ஆளுக்கு ஏற்ப வினை அதிகம் மாறாது. நமக்கோ வந்தேன், வந்தாய், வந்தான், வந்தோம், வந்தீர்கள், வந்தார்கள் என்று மாறுவது பால்குடியிலிருந்தே பழக்கம். த்யூ, வூ என்ற வேறுபாட்டுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் தேடுகிறார்கள். நம்மிடம் நீ, நீங்கள் இருக்கின்றன. வூ என்பது மரியாதைக்கும் வரும், பலருக்கும் வரும், நம் 'நீங்கள்' போலவே. கையில் இருக்கும் இந்தச் சொத்தை விட்டுவிட்டு ஏன் சுற்றி வர வேண்டும்?

"தேர்வில் எழுத வேண்டாமா?" என்று கேட்பார்கள். கனடாவுக்கான டி.இ.எஃப்., டி.சி.எஃப். தேர்வுகளில் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என நான்கு பகுதிகள். எதிலும் அட்டவணை ஒப்பிக்கச் சொல்வதில்லை. எழுத்துக் கூட்டல் முக்கியம்தான். நான், நீ, அவன், அவர்கள் பேசுவதைக் குறிக்கும் பார்ல் காதுக்கு ஒன்றே. எழுத்தில் மூன்று விதம். அதைத் தினம் ஐந்து வாக்கியம் கையால் எழுதிப் பழக வேண்டும். அட்டவணை வேண்டாம் என்று சொல்லவில்லை. பெஷ்ரெல் என்ற பேர்பெற்ற வினை நூலில் ஆயிரக்கணக்கான வினைகள் உண்டு. பிரெஞ்சுக்காரர்களே சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அகராதியை யார் ஒப்பிக்கிறார்கள்?

சொல்லித் தருகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். களைத்துப்போய் வருகிற பெரியவர்களிடம் முதல் வாரமே இருபது அட்டவணையை நீட்டாதீர்கள். முதல் நாளே ஒரு முழு வாக்கியம் பேச வையுங்கள். பேசியவர் மறுநாளும் வருவார்.

நிறுத்தியவர்கள் மறுபடி தொடங்குங்கள். ஒரு வினையும் அன்றைய உங்கள் வாழ்க்கையிலிருந்து ஐந்து வாக்கியமும் போதும், வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்தப் பதிவின் கீழே முதல் வாக்கியத்தை எழுதுங்கள். தமிழ் எழுத்தில் எழுதினாலும் சரி, வழக்கம்போல் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்