கரண்ட் போன ராத்திரிக்கு டிசைன் பண்ணுங்க

போன வருஷம் ஏப்ரல், ஸ்டடி லீவ். ராத்திரி ரெண்டரை மணிக்கு அம்மா என் பேரைச் சொல்லிக் கத்தினாங்க. எழுந்து ஓடினா, ஹால் முழுக்கத் தண்ணீர். சாதாரண தண்ணீர் இல்ல, உப்புத் தண்ணீர். அம்மா வெறுங்காலோட நடுவுல நிக்கிறாங்க. மீன் தொட்டிக்குப் பக்கத்துல தரையில ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அது ஒரு செங்கல் மேல இருந்தது. தண்ணீர் அதைத் தொட இன்னும் ஒரு விரல் உயரம்தான் பாக்கி. அப்பா போய் மெயினை ஆஃப் பண்ணினார். அதுக்கப்புறம் யாரும் ரொம்ப நேரம் பேசல.

அந்தச் செங்கலை நான் பாதுகாப்புக்காக வைக்கல. வயர் நீளம் பத்தலன்னு வச்சேன். இதை நீங்க முதல்ல தெரிஞ்சுக்கணும். அன்னைக்கு எங்க வீட்டைக் காப்பாத்தினது என் எஞ்சினியரிங் இல்ல.

இந்தக் கட்டுரை மீன் வளர்ப்பைப் பத்தி மட்டும் இல்ல. நான் சொல்ல வர்றது இதுதான்: நாம காலேஜ்ல எதைச் செஞ்சாலும், அது ஓடும்போது எப்படி இருக்கும்னு மட்டும்தான் யோசிக்கிறோம். அது நிக்கும்போது, உடையும்போது, பக்கத்துல யாருமே இல்லாதபோது என்ன ஆகும்னு யோசிக்கிறதில்ல. எனக்கு அதை ஒரு 4 அடி கண்ணாடித் தொட்டி சொல்லிக் கொடுத்தது.

முதல்ல தொட்டியைப் பத்திச் சொல்லிடறேன். கொளத்தூர்ல வாங்கின தொட்டி. 120 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம். விளிம்பு வரை நிரப்பினா சுமார் 243 லிட்டர். உள்ளே ரெண்டு கோமாளி மீன். அதுக்குக் கீழே ஸ்டாண்டுக்குள்ள ஒரு 60 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா. இதைத்தான் சம்ப்னு சொல்றோம். மேல் தொட்டியில வழியற தண்ணீர் குழாய் வழியா சம்ப்புக்கு வரும், அங்க வடிகட்டி சுத்தமாகும், ஒரு பம்ப் அதைத் திரும்ப மேலே தள்ளும்.

மேலேயிருந்து கீழே வர வழி வேணும். கண்ணாடியில ஓட்டை போட்டா வேலை சுலபம். ஆனா தொட்டி ஏற்கெனவே வாங்கியாச்சு. ஓட்டை போட்டுத் தரச் சொல்லிக் கேட்ட கண்ணாடிக் கடைக்காரர், விரிசல் விட்டா என் பொறுப்பு இல்லன்னுட்டார். அதனால பிவிசி குழாய்ல நானே ஓவர்ஃப்ளோ செஞ்சேன். அடிப்படை சைஃபன்தான். பைக்ல இருந்து ட்யூப் போட்டுப் பெட்ரோல் எடுக்கறது உங்களுக்குத் தெரியும்ல, அதே விஷயம்.

குழாயோட வாய் தொட்டிக்குள்ள மேல் பார்த்து இருக்கும். தண்ணீர் அந்த வாயில விழும், கீழே இறங்கி, வளைஞ்சு, மேலே ஏறி, தொட்டி விளிம்பைத் தாண்டி வெளியே இறங்கும். வெளியேயும் ஒரு வளைவு போட்டு, மறுபடி கொஞ்சம் மேலே ஏத்தி, ஒரு டி ஜாயின்ட்ல காற்று போக வழி விட்டு, அங்கிருந்து சம்ப்புக்கு. வாஷ் பேசின் அடியில இருக்கிற வளைந்த குழாய்ல எப்பவும் தண்ணீர் தேங்கி நிக்கும் இல்லையா? அதே மாதிரி கரண்ட் போனாலும் ரெண்டு பக்க வளைவிலேயும் தண்ணீர் நிக்கும். கரண்ட் வந்ததும் சைஃபன் தானாவே ஓட ஆரம்பிக்கும். பேப்பர்ல பார்த்தா அருமையான டிசைன். 5 மாசம் நல்லாவே ஓடுச்சு. வீட்டுக்கு வந்த ஃப்ரண்ட்ஸ் எல்லாரும் வீடியோ எடுத்தாங்க.

தப்பு எங்கன்னா, நான் ஒன்றரை இன்ச் குழாய் போட்டேன். பெரிய குழாய்னா பாதுகாப்புன்னு நினைச்சேன். கணக்குப் போட்டிருந்தா புரிஞ்சிருக்கும். மணிக்கு 1000 லிட்டர் ஓட்டத்துக்கு, ஒன்றரை இன்ச் குழாய்ல தண்ணீர் வேகம் நொடிக்கு சுமார் 25 சென்டிமீட்டர். அதே ஓட்டம் 1 இன்ச் குழாய்ல போனா சுமார் 57. தண்ணீர்ல ஒரு காற்றுக்குமிழி மேலே ஏறற வேகமே நொடிக்கு 20, 25 சென்டிமீட்டர் இருக்கும். அப்போ என் குழாய்ல உள்ளே வந்த குமிழியைக் கீழே இழுத்துட்டுப் போக ஓட்டத்துக்குத் தெம்பில்ல. குமிழி எல்லாம் வளைவோட உச்சியிலேயே தங்கிடுச்சு. உச்சியில அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைவு, அதனால தண்ணீர்ல கரைஞ்ச காற்றும் கொஞ்சம் கொஞ்சமா அங்க பிரிஞ்சு சேரும். போதாக்குறைக்கு பம்ப்பை நான் கழுவவே இல்ல. உப்பும் பாசியும் அடைச்சு ஓட்டம் இன்னும் குறைஞ்சிருந்தது. குழாய் வெள்ளை நிறம். உள்ளே காற்று சேர்றது யாருக்கும் தெரியாது.

அன்னைக்கு ராத்திரி கரண்ட் போச்சு. உச்சியில இருந்த காற்று, தண்ணீரை ரெண்டா பிரிச்சிடுச்சு. கரண்ட் வந்தது. பம்ப் ஓடுது, சைஃபன் ஓடல. சம்ப்ல பம்ப் உறிஞ்சக்கூடிய தண்ணீர் 40 லிட்டர். மேல் தொட்டியில 1 சென்டிமீட்டர் உயரம்னா 5.4 லிட்டர். விளிம்புக்கு 4 சென்டிமீட்டர்தான் இடம் விட்டிருந்தேன், அதாவது 21 லிட்டர் சொச்சம். மீதி 18 லிட்டருக்கு மேல ஹாலுக்கு வந்தது. ஒரு குடத்துக்கும் அதிகம். இதுக்கு எட்டாவது வகுப்பு கணக்கு போதும். நான் அதைப் போடவே இல்ல.

அப்பா தொட்டியை வித்துடுன்னார். நியாயமான பேச்சு. ஒரு மாசம் டைம் கேட்டேன்.

அந்த மாசம்தான் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனிக்கு இன்பிளான்ட் டிரெயினிங் போனேன். அங்க ஒரு கெமிக்கல் டேங்கைச் சுத்தி இடுப்பளவு கான்கிரீட் சுவர். உள்ளே ஒண்ணுமே இல்ல, சும்மா காலி இடம். எதுக்குண்ணேன்னு கேட்டேன். ஆபரேட்டர் அண்ணன் சொன்னார்: "லெவல் மீட்டர் இருக்கு, அலாரம் இருக்கு, வால்வும் இருக்கு தம்பி. அதெல்லாம் கைவிட்டா டேங்க்ல இருக்கிறது மொத்தமும் இந்தச் சுவருக்குள்ள நிக்கணும். அதுக்குத்தான்." எனக்கு உடனே எங்க வீட்டு ஹால் ஞாபகம் வந்தது.

அதோட நம்ம மாவட்டத்துல இது ஒண்ணும் புதுசு இல்ல. திருவள்ளூர் பக்கம் எந்த ஊர் ஏரிக்கரையிலயும் நடந்து பாருங்க. கரையில ஒரு இடம் மட்டும் கல் கட்டுமானமா, கரையை விடத் தாழ்வா இருக்கும். அதுதான் கலங்கல். ஏரி நிறைஞ்சா தண்ணீர் தானா அது வழியா வழியும். ஊர்ல "ஏரி கோடி போகுது"ன்னு சொல்லுவாங்க. கதவு இல்ல, மோட்டார் இல்ல, திறக்க யாரும் உத்தரவு போட வேண்டாம். ராத்திரி எல்லாரும் தூங்கினாலும் அது தன் வேலையைச் செய்யும். கொசஸ்தலை ஆத்துல 1944ல கட்டின பூண்டி நீர்த்தேக்கம் மாதிரி பெரிய அணைகள்ல கதவு இருக்கு, அது தேவையும்கூட. ஆனா கதவுன்னா அதைச் சரியான நேரத்துல திறக்க ஒரு ஆள் வேணும். கலங்கலுக்கு வேண்டாம். சைஃபனையே அணைக்கு வச்ச ஊரும் உண்டு. கர்நாடகாவில தும்கூர் மாவட்டத்துல இருக்கிற மார்கோனஹள்ளி அணை, மைசூர் சமஸ்தான காலத்துல கட்டினது. தண்ணீர் மட்டம் ஒரு அளவைத் தாண்டினா அங்க சைஃபன் தானாவே ஓட ஆரம்பிக்கும்.

நாம அப்படி யோசிக்காம விட்டா என்ன ஆகும்னு தூரமா போய்ப் பார்க்க வேண்டாம். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மணலி தொழிற்பேட்டைப் பக்கம் இருந்து எண்ணெய், மழை வெள்ளத்தோட கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியா எண்ணூர் கழிமுகத்துக்குப் போச்சு. படகு, வலை, அலையாத்தி மரங்கள் எல்லாத்துலயும் கறுப்பா எண்ணெய். மீனவர்கள் கையாலயே அள்ளினதை நாம எல்லாரும் போன்ல பார்த்தோம். அசாதாரண நாள் வந்தபோது தண்ணீர் எந்த வழியா போகும், எதைத் தூக்கிட்டுப் போகும்ங்கிற கேள்விக்குப் பதில் இல்லாம போச்சு. என் ஹால்ல வழிஞ்சது ஒரு குடம். அளவு வேற, கேள்வி ஒண்ணுதான்.

சரி, தொட்டிக்கு வர்றேன். ரெண்டாவது தடவை என்ன மாத்தினேன்னு சொல்றேன். இதுல எதுவும் பெரிய டெக்னாலஜி இல்ல.

ஒண்ணு, குழாயை 1 இன்ச் ஆக்கினேன். உச்சி வளைவுக்கு மட்டும் கண்ணாடி மாதிரி தெரியற குழாய் போட்டேன். காற்று சேர்ந்தா கண்ணுக்குத் தெரியும். அந்த உச்சியில ஒரு மெல்லிய ட்யூப் வச்சு, பம்ப்போட காற்று உறிஞ்சும் துளைக்கு இணைச்சேன். சேர்ற காற்றை பம்ப்பே இழுத்துடும்.

ரெண்டு, சம்ப்பை ரெண்டா தடுத்தேன். பம்ப் இருக்கிற அறையில 12 லிட்டர் மட்டும்தான் நிக்கும். சைஃபன் அறவே நின்னாலும் பம்ப் 12 லிட்டருக்கு மேல மேலே தள்ள முடியாது. மேல் தொட்டி 2.2 சென்டிமீட்டர் ஏறும், இடம் 4 சென்டிமீட்டர் இருக்கு. பம்ப் வேணா காய்ஞ்சு கெட்டுப் போகலாம். போகட்டும், வேற வாங்கிக்கலாம். வீட்டுத் தரை காய்ஞ்சே இருக்கும்.

மூணு, பம்ப் குழாய் வழியாவும் தண்ணீர் பின்னாடி வரும். இதைப் பல பேர் மறந்துடறாங்க. கரண்ட் போனா அந்தக் குழாயும் ஒரு சைஃபன்தான். குழாய் முனை தண்ணீருக்குள்ள 3 சென்டிமீட்டர் இருந்தா சுமார் 16 லிட்டர் கீழே வரும். ஒருவழி வால்வு போடலாம், ஆனா உப்பும் பாசியும் பிடிச்சா அது ஒழுங்கா மூடாது. அதனால தண்ணீர் மட்டத்துல ஒரு சின்னத் துளை போட்டேன், காற்று புகுந்து ஓட்டத்தை நிறுத்திடும். அந்தத் துளையும் அடைச்சா? சம்ப்ல 16 லிட்டருக்கு மேல காலி இடம் விட்டிருக்கேன். அதான் அந்த அண்ணன் காட்டின சுவர்.

நாலு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இப்போ தொட்டிக்கு மேலே சுவர்ல. வயர் ஒரு வளைவு கீழே தொங்கி அப்புறம் மேலே ஏறும், அதனால வயர் வழியா வழியற தண்ணீர் பிளக்குக்குப் போகாது. வீட்டுக்கு இஎல்சிபி போட்டாச்சு. உண்மையில இதுதான் முதல் நம்பரா இருந்திருக்கணும். நீங்க மீன் வளர்க்கலன்னாலும் இதைப் போடுங்க.

எல்லாம் முடிஞ்சு அம்மாவை ஹால்ல உட்கார வச்சு டெஸ்ட் பண்ணினேன். மெயினை 10 தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். அப்புறம் வேணும்னே உச்சி ட்யூபைக் கழட்டி சைஃபனை உடைச்சேன். தண்ணீர் ஏறுச்சு. 2 சென்டிமீட்டர் சொச்சத்துல நின்னுச்சு. பம்ப் வெறும் காற்றை இழுத்துக் கத்துச்சு. அம்மா எழுந்து தரையைத் தொட்டுப் பார்த்துட்டு, "சரி, வச்சுக்கோ"ன்னாங்க. எனக்கு இதுவரைக்கும் கிடைச்ச எந்த ரிவ்யூ மார்க்கும் அதுக்கு ஈடாகாது.

இதுக்கு விலையும் உண்டு, மறைக்க மாட்டேன். சின்ன அறைங்கிறதால ஆவியாகிற தண்ணீர் சீக்கிரம் தெரியும். வெயில் காலத்துல தினமும் 2 லிட்டர் நல்ல தண்ணீர் ஊத்தணும். உப்பு ஆவியாகாது, அதனால உப்புத் தண்ணீர் ஊத்தக் கூடாது. அடர்த்தி 1.025 பக்கத்துலயே நிக்கணும். இன்னொண்ணு, அழகா இருக்கேன்னு கடல்ல எடுத்த பவளம், பவளப்பாறை வாங்காதீங்க. பவளங்கள் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. செராமிக் கல் போதும். கோமாளி மீனையும் பண்ணையில பொரிச்சதா கேட்டு வாங்குங்க. அதைக் குஞ்சு பொரிக்க வைக்கிற முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் எப்பவோ உருவாக்கியாச்சு.

"ஓட்டை போட்ட தொட்டி வாங்கியிருந்தா இவ்வளவு தலைவலியே இல்லையே"ன்னு நீங்க கேட்கலாம். ஆமா. அடுத்த தொட்டி ஓட்டையோடதான். சைஃபனே தேவைப்படாத டிசைன், எவ்வளவு நல்ல சைஃபனை விடவும் மேல். ஆனா நாம வேலைக்குப் போற இடத்துல எல்லாம் புதுசா ஆரம்பிக்க விட மாட்டாங்க. ஏற்கெனவே யாரோ வாங்கி வச்ச தொட்டியைத்தான் கையில கொடுப்பாங்க.

இப்போ நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன். பாதிப் பேர் கிட் வாங்கி அசெம்பிள் பண்றோம், ரிவ்யூ அன்னைக்கு 10 நிமிஷம் எல்ஈடி எரிஞ்சா போதும்னு சாமி கும்பிடறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். எக்ஸ்டர்னல் கேட்கிற கேள்வியும் "அக்யூரசி எவ்வளவு?"தான். "நடுவுல கரண்ட் போச்சுன்னா உன் ப்ராஜெக்ட் என்ன பண்ணும்?"னு யாரும் கேட்கிறதில்ல. அதனால நீங்களே கேளுங்க. ரிவ்யூக்கு முன்னாடி ஒரு தடவை, டீம்ல இருக்கிற ஒருத்தர் சொல்லாம கொள்ளாம பிளக்கைப் பிடுங்கட்டும். சென்சார் வயர் ஒண்ணைக் கழட்டட்டும். என்ன ஆகுதுன்னு எழுதி, ரிப்போர்ட்ல ஒரு பக்கம் சேருங்க.

இன்னும் சில மாசத்துல நம்மில் சில பேர் இதே சிப்காட்ல, மணலியில, எண்ணூர்ல டேங்க்குக்கும் வால்வுக்கும் பக்கத்துல நைட் ஷிஃப்ட் நிக்கப் போறோம். அங்கேயும் ராத்திரி ரெண்டரை மணிக்கு கரண்ட் போய்த் திரும்ப வரும். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தரோட அம்மா வெறுங்காலோட எழுந்து வருவாங்க.