கூட்டத்தின் நடுவே ஒரு மைக்

1972 ஜூன் 25 இரவு, லாஸ் ஏஞ்சலிஸை அடுத்த இங்கிள்வுட்டின் ஃபோரம் அரங்கில் லெட் ஜெப்பலின் ராக் குழு நடத்திய கச்சேரியை இன்று இரண்டு விதமாகக் கேட்கலாம். ஒன்று, அவர்களே 2003-இல் வெளியிட்ட ‘ஹவ் தி வெஸ்ட் வாஸ் வன்’ என்ற மூன்று குறுந்தகட்டுத் தொகுப்பு. மற்றொன்று, கூட்டத்தில் இருந்த யாரோ ஒரு ரசிகர் மறைத்து எடுத்து, பிறகு ‘பர்ன் லைக் எ கேண்டில்’ என்ற பெயரில் சுற்றுக்கு வந்த பூட்லெக். முதலாவதில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகப் பளிச்சென்று கேட்கிறது. இரண்டாவதில் இரைச்சல் உண்டு, எதிரொலி உண்டு, பக்கத்தில் இருப்பவர்களின் கூச்சலும் விசிலும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எனக்கு எது வேண்டும் என்று கேட்டால், தயங்காமல் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

காரணம் இதுதான். அதிகாரபூர்வத் தொகுப்பு ஒரே கச்சேரி அல்ல. 25-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஃபோரத்தில் வாசித்ததையும், 27-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை லாங் பீச் அரீனாவில் வாசித்ததையும் குழுவின் கிடார் கலைஞர் ஜிம்மி பேஜ் வெட்டி ஒட்டிச் சேர்த்த ஒரு கச்சேரி அது. நன்றாக வந்ததை வைத்துக்கொண்டார், சறுக்கியதை நீக்கிவிட்டார். வேலை நேர்த்திதான், மறுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு அங்கே நின்ற ஒருவர் கேட்டது அதை அல்ல. ராபர்ட் பிளாண்டின் குரல் முதல் சில பாட்டுகளில் தயங்கி, போகப்போகச் சூடேறி, கடைசியில் எதற்கும் துணிந்து நிற்பது அந்த ஒட்டுவேலையில் காணாமல் போகிறது. கச்சேரி முடிந்தபின் கூட்டம் கலையாமல் நின்றதால் அவர்கள் மீண்டும் வந்து ‘லூயி லூயி’ என்ற பழைய பாட்டை எடுத்து ஆடிய ஆட்டம் தொகுப்பில் இல்லவே இல்லை. பூட்லெக்கில் இருக்கிறது. அந்த இரவின் களைப்பும் குதூகலமும் அந்தப் பாட்டில்தான் சேர்ந்து வருகின்றன.

படமாக எடுத்தபோதும் இதே கதைதான். 1976-இல் வந்த ‘தி சாங் ரிமெய்ன்ஸ் தி சேம்’ படம் 1973 ஜூலையில் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த மூன்று இரவுகளின் தொகுப்பு. இடையிடையே காட்சிகள் போதாமல், 1974-இல் இங்கிலாந்தின் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் மேடை போட்டுச் சிலவற்றை மறுபடி எடுத்தார்கள். அதற்குள் முடியை வெட்டியிருந்த குழுவின் பேஸ் கலைஞர் ஜான் பால் ஜோன்ஸ் விக் வைத்துக்கொண்டு வாசித்தார். ரசிகன் பூட்லெக்கைத் தேடிப் போனதில் என்ன வியப்பு?

பூட்லெக்குகளைக் கேட்பவர்களுக்குள்ளும் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி சவுண்ட்போர்டு பதிவைத்தான் மதிக்கும். மேடையில் உள்ள மைக்குகள் எல்லாம் மிக்ஸருக்கு வருகின்றன; அங்கிருந்து நேராக டேப்பில் ஏற்றியது அது. மறு கட்சி, கூட்டத்தில் உட்கார்ந்து எடுத்த ஆடியன்ஸ் டேப்பைத்தான் கச்சேரி என்று ஒப்புக்கொள்ளும். நான் இரண்டாவது கட்சி.

சவுண்ட்போர்டில் என்ன குறை என்று கேட்பவர்கள், 1977 ஏப்ரல் 27 அன்று கிளீவ்லாந்து அருகே ரிச்ஃபீல்ட் கொலிசியத்தில் எடுத்த ‘டெஸ்ட்ராயர்’ பதிவைக் கேட்டுப் பார்க்கலாம். அதில் ஒரு தவறான ஸ்வரம்கூட ஒளிய முடியாது. ஆனால் மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் டேப்புக்காகக் கலக்கவில்லை, அரங்குக்காகக் கலக்குகிறார். ஆம்ப்ளிஃபையரிலிருந்து நேராக அரங்குக்குள் பாயும் கிடாருக்கு மிக்ஸரில் அவ்வளவு இடம் தர வேண்டியதில்லை. குரலைத் தூக்கியாக வேண்டும். டேப்பில் விழுவது அந்தக் கணக்குதான். அரங்கத்தின் காற்று இல்லாததால் ஜான் பான்ஹாமின் டிரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் சுருங்கிவிடுகிறது. பான்ஹாமின் காலடியில் இருக்கும் பேஸ் டிரம் ஒரு பெரிய கட்டடத்தையே அதிர வைத்தது என்றால், அந்தக் கட்டடமும் பதிவில் இருக்க வேண்டாமா?

அப்படிக் கட்டடத்தோடு சேர்த்துப் பதிவு செய்தவர் மைக் மில்லார்ட். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் 1970-களில் நடந்த பெரிய ராக் கச்சேரிகளை எடுத்தவர். அவர் வைத்திருந்தது நக்கமிச்சி 550 என்ற கேசட் ரெக்கார்டரும் ஏகேஜி 451 ரக மைக்குகளும். கையடக்கமான கருவியே அல்ல. நடக்க முடியாதவர் போலச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கருவியை ஒளித்து உள்ளே கொண்டுபோனார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் செய்தி. எடுத்ததை நண்பர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தார். அவற்றைத் தட்டாக அடித்துக் காசு பார்த்தவர்கள் வேறு ஆட்கள். 1994-இல் காலமானார்.

1977 ஜூன் 21 அன்று ஃபோரத்தில் அவர் எடுத்த டேப், ‘லிஸன் டு திஸ் எடி’ என்ற பெயரில் உலகம் சுற்றியது. முதல் பாட்டு தொடங்கும்போதே ஒலி முன்னாலிருந்து வந்து மார்பில் மோதுகிறது. கூட்டத்தின் இரைச்சல் சுற்றிலும், பின்னாலும் இருக்கிறது, பாட்டை மறைப்பதில்லை. அரை மணி நேரத்தை நெருங்கும் ‘நோ குவார்ட்டர்’-இல் ஜோன்ஸ் பியானோவில் தனியாக அலைந்துகொண்டிருக்கும்போது கூட்டம் அடங்குவதும், பான்ஹாம் உள்ளே நுழைந்ததும் மறுபடி எழுவதும் துல்லியமாகக் கேட்கிறது. எந்த இடத்தில் கூட்டம் பொறுமையிழந்தது, எந்த இடத்தில் கட்டுண்டு கிடந்தது என்பதை மிக்ஸரிலிருந்து வந்த டேப் ஒருபோதும் சொல்லாது.

அதே சுற்றுப்பயணத்தின் ஏப்ரல் 9 சிகாகோ பதிவை இதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்பேன். பேஜுக்கு உடம்பு சரியில்லை. வயிற்று வலியோடு உட்கார்ந்து வாசித்துப் பார்த்தார், முடியவில்லை, கச்சேரியைப் பாதியில் நிறுத்தினார்கள். அந்த வருடம் முழுக்கவே ஏற்ற இறக்கம்தான். விரல்கள் ஓடாத இரவுகளைக் கேட்ட காதுக்குத்தான் ஜூன் 21-இல் அந்த விரல்கள் ஓடிய வேகம் எவ்வளவு அரியது என்று தெரியும். நல்ல இரவுகளை மட்டும் பொறுக்கிக் கேட்பவருக்கு அவர்கள் எல்லா இரவும் அப்படித்தான் என்ற எண்ணம் வந்துவிடும். அது அந்த நான்கு பேருக்கும் செய்யும் அநியாயம்.

இரண்டு நாள் கழித்து ஜூன் 23. பான்ஹாமின் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது ‘தி ஹூ’ குழுவின் கீத் மூன் மேடையேறிவிட்டார். இரண்டு பெரிய டிரம்மர்கள் ஒரே மேடையில். இசையாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மூன் மைக்கைப் பிடித்து ஏதேதோ பேசுகிறார், கூட்டம் ஆரவாரிக்கிறது, மில்லார்டின் கேசட் ஓடிக்கொண்டே இருக்கிறது. எந்தக் கம்பெனியும் தட்டில் போடாது இதை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் மூன் இறந்துபோனார். 1980 செப்டம்பரில் பான்ஹாம். அந்தப் பேச்சை நான் ஒருமுறைகூடத் தள்ளிவிட்டுக் கேட்டதில்லை.

டேப்புகளை ஒப்பிடுவதில் கொஞ்சம் தொழில்நுட்பமும் உண்டு. முதலில் வேகம். பேட்டரி இறங்கிய ரெக்கார்டரில் டேப் மெதுவாக ஓடியிருந்தால், நாம் சரியான வேகத்தில் போடும்போது பாட்டு ஓடும், சுருதி ஏறும். பிளாண்டின் குரல் இயல்பைவிட இளமையாகத் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். ஸ்டுடியோ தட்டோடு வைத்துப் பார்த்துவிடலாம் என்றால் அதிலும் ஒரு பொறி. ‘நோ குவார்ட்டர்’ தட்டில் பேஜ் டேப்பின் வேகத்தைக் குறைத்துச் சுருதியை இறக்கிவிட்டார். மேடையில் வாசித்தது டி மைனரில். தட்டை நம்பிச் சரிசெய்தவர் நல்ல டேப்பைக் கெடுத்துவிடுவார். அடுத்தது, எத்தனையாவது பிரதி என்பது. கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் போகப் போக இரைச்சல் ஏறும், மேல் ஸ்தாயி மங்கும். கேசட்டைத் திருப்பிப் போட்ட நேரத்தில் விடுபட்ட துண்டு வேறு இருக்கிறது. அதே இரவை வேறொருவர் எடுத்த டேப் கிடைத்தால் அதிலிருந்து எடுத்து நிரப்புவார்கள். இந்த வேலையைக் காசு வாங்காமல் செய்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இரைச்சல் நீக்கும் மென்பொருளை அளவுக்கு மீறி ஓட்டுபவர்கள்மேல் மரியாதை இல்லை. அது இரைச்சலோடு சேர்த்து சிம்பலின் நீண்ட கார்வையையும் அரித்துவிடுகிறது.

இவ்வளவு கருவிகள் வருவதற்கு முன்பே, 1970 செப்டம்பர் 4 அன்று இதே ஃபோரத்தில் எடுத்த ‘லைவ் ஆன் புளூபெர்ரி ஹில்’ இந்த வழக்கத்தின் தொடக்க காலத்துச் சாதனை. கூட்டத்தில் வெவ்வேறு இடத்தில் இருந்தவர்கள் எடுத்த இரண்டு டேப்புகள் தனித்தனித் தட்டாக வந்தன. மூன்றாவது இசைத்தட்டு கடைக்கு வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. ‘இமிகிரண்ட் சாங்’-இல் பிளாண்ட் எழுப்பும் அந்த ஓலத்தை இதற்குமுன் கேட்டிராத கூட்டம் அது. பாட்டு தெரியாத கூட்டத்தின் முன்னால் ஒரு குழு வாசிப்பதை இந்தப் பதிவில் கேட்கலாம்.

இத்தனைக்கும் ஜெப்பலின் தரப்பு பூட்லெக்கை ஜென்ம விரோதியாகப் பார்த்தது. முன்னாள் மல்யுத்த வீரரான அவர்களுடைய மேலாளர் பீட்டர் கிராண்ட், ரெக்கார்டர் வைத்திருப்பவரைக் கண்டால் விடமாட்டார். 1971-இல் வான்கூவரில் ஒருவரிடம் இருந்த கருவியை அடித்து நொறுக்கினார். அது சத்தத்தின் அளவை அளக்க நகர நிர்வாகம் வைத்திருந்த கருவி என்று பிறகுதான் தெரிந்தது. பிறர் உழைப்பைத் தட்டாக அடித்து விற்றவர்கள்மேல் கிராண்டுக்கு வந்த கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் கையில் சிக்காமல் தப்பிய கேசட்டுகள் இல்லாவிட்டால், 1977-இல் அந்தக் குழு மேடையில் எப்படி வாசித்தது என்பதில் பாதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

பிங்க் ஃபிளாய்ட் இதில் வேறு வழியில் போயிருக்கிறது. ‘விஷ் யூ வேர் ஹியர்’ தட்டின் 50-ஆம் ஆண்டுப் பதிப்பு 2025-இல் வந்தபோது, 1975 ஏப்ரல் 26 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்போர்ட்ஸ் அரீனாவில் மில்லார்ட் ஒளித்து எடுத்த டேப்பை ஸ்டீவன் வில்சன் சீர்செய்து கொடுக்க, மில்லார்டின் பெயரைச் சொல்லியே அதில் சேர்த்தார்கள். பேஜுக்கு இப்போது 80 வயது தாண்டிவிட்டது. 1977 ஜூனில் ஃபோரத்தில் மில்லார்ட் எடுத்த இரவுகளை வெட்டாமல், இரண்டு நாளை ஒன்றாக ஒட்டாமல், மூனின் பேச்சோடு சேர்த்து அவர் வெளியிட வேண்டும். உறையில் மில்லார்டின் பெயரும் இருக்க வேண்டும்.