இருமும்போது சிறுநீர் கசிகிறதா என்று கேளுங்கள்

மாண்புமிகு மலேசியச் சுகாதார அமைச்சர் அவர்களுக்கும், பேராக் மாநிலச் சுகாதாரத் துறை ஆட்சிக்குழு உறுப்பினர் அவர்களுக்கும்,

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் ஈப்போ புந்தோங்குக்குக் குடிவந்தோம். சிறுவயது முதல் எனக்கு ஆஸ்துமா. மூச்சிரைப்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். எங்களைப் போன்ற பெண்கள் வாய் திறக்காத ஒன்றுக்காகவே இந்த மடல். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாவிட்டால் இருமல் ஓயாது. ஒவ்வோர் இருமலும் அடிவயிற்றை அழுத்தும். பிள்ளை பெற்று இடுப்பின் அடித்தசை தளர்ந்தவளுக்கு அப்போது சிறுநீர் கசிந்துவிடும்.

அதனால் கல்யாண மண்டபத்தில் கழிவறைக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருகிறோம். வெளிர்நிறச் சேலையைத் தொடுவதில்லை. கைப்பையில் மாற்றுத்துணி மடித்திருக்கும். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோவிலுக்குப் போனால், சாம்பிராணிப் புகை நெஞ்சில் ஏறுமுன் கும்பிட்டுத் திரும்பிவிடுகிறோம். பஸ்ஸில் ஆஸ்துமா பம்பை (இன்ஹேலரை) முந்தானைக்குள் மறைத்து இழுக்கிறோம். அவசரத்தில் பாதி மருந்து காற்றோடு போகிறது. கோவிட்டுக்குப் பிறகு இருமுகிறவளைப் பார்க்கும் பார்வையே வேறு. பெண் பார்க்க வரும் நாளில் மகளின் பம்பை அலமாரியில் ஒளித்துவைக்கும் தாய்மார்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

நான் போய்வந்த ஒரு கிளினிக்கில் நெஞ்சைச் சோதிப்பார்கள், ஊதச் சொல்வார்கள், நீல பம்பைத் தருவார்கள். சிறுநீர் கசிகிறதா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. ஆண் டாக்டரிடம், அதுவும் மலாய்மொழியில், எப்படிச் சொல்வது? "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். நோய் அடங்கியிருக்கிறது என்று அட்டையில் ஏறிவிடும். தோட்டத்தில் டிரெஸ்சர் என்ற மருத்துவ உதவியாளர் இருந்த காலத்தில் எந்த லயத்து வீட்டில் யார் இரவெல்லாம் இருமுகிறார் என்பது அவருக்குத் தெரியும். தோட்டம் கைமாறியபோது அந்த ஏற்பாடும் போயிற்று.

நீல பம்பில் உள்ள சல்புடமால் மூச்சுக்குழாய்த் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடாது. வீக்கத்தை அடக்குவது ஸ்டீராய்டு பம்பு. உடனே சுகம் தெரியாததால் அதை விட்டுவிடுகிறோம். இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும் என்று தெரியாமல் நாக்கில் வெள்ளை படிந்து, குரல் கம்மி, அதற்கும் வெட்கப்படுகிறோம். உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜீனா அமைப்பு, பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் நீல பம்பை மட்டும் கொடுப்பது தகாது என்று 2019-லேயே சொல்லிவிட்டது. புடெசோனைடும் ஃபோர்மோட்டெராலும் சேர்ந்த ஒரே பம்பு, வீக்கத்தையும் அடக்கும், திணறலையும் தணிக்கும்.

ஒரு ரிங்கிட்டுக்கு அரசாங்கக் கிளினிக்கில் வைத்தியம் பார்க்கிற நாடு இது. அந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அதனால்தான் உரிமையோடு கேட்கிறேன். ஆஸ்துமாவுக்கு வரும் ஒவ்வொரு பெண்ணையும் ஒரு மிஸ்ஸி (தாதி) தனியறையில் உட்காரவைத்து, தமிழில், "இருமும்போது சிறுநீர் கசிகிறதா? ராத்திரி இருமி எழுந்திரிக்கிறீங்களா?" என்று கேட்கட்டும். கசிகிறது என்றால் முதலில் இருமலுக்கு மருந்தை மாற்றட்டும். அடித்தசைப் பயிற்சி கற்றுத்தரப் பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பட்டும். பம்பைக் கையில் கொடுத்து அனுப்பாமல், எதிரிலேயே இழுக்கச் சொல்லிப் பார்க்கட்டும். கூட்டு மருந்துப் பம்பு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியோடு நின்றுவிடாமல், தோட்டப்புறத்தை ஒட்டிய சின்னக் கிளினிக்குகளிலும் எப்போதும் இருப்பில் இருக்கட்டும்.

இந்த இருமலை இன்னும் கூட்டுவது புகைமூட்டம். 2015-இலும் 2019-இலும் அது வந்தபோது நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.

சுங்கை சிப்புட், நெஞ்சுநோய் மருத்துவரான டாக்டர் மைக்கேல் ஜெயக்குமாரை 2008 முதல் 2018 வரை நாடாளுமன்றத்தில் வைத்திருந்த தொகுதி. அது இருக்கும் கோலகங்சார் மாவட்டத்திலேயே நான் மேலே கேட்டவற்றைத் தொடங்குங்கள். அடுத்த புகைமூட்டம் வருமுன் தொடங்குங்கள். எந்தக் கிளினிக்கில், எந்த மாதம் என்று எங்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.